தண்ணீருக்காக ஒரு ஜெனரேட்டர்

கஜா புயல் கரையேறிய 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் மேல்நிலைத் தொட்டியில் முக்கால் தொட்டித் தண்ணீர் இருந்தது. அதை வைத்து மூன்று நாள் ஓட்டினோம். பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தென்னந்தோப்பை ஒட்டிய வீடு. தோப்பு தோப்பாக மரங்கள் சாய்ந்து கிடந்தன. மின்கம்பங்கள் அவற்றுக்கு மேலும் கீழுமாகக் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மறுபடி மின்சாரம் வந்தது முப்பத்து மூன்றாவது நாள்.

இருட்டு பெரிய துன்பமில்லை. அரிக்கேன் விளக்கைப் பரணிலிருந்து இறக்கினோம். அம்மாவின் இன்சுலினை ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் வைத்தோம். தாங்க முடியாமல் போனது தண்ணீர்தான். வாசலில் 180 அடி ஆழ்துளைக் கிணறு இருக்கிறது, அதில் வற்றாத ஊற்றும் இருக்கிறது, ஆனால் ஒரு குடம் மேலே வராது. வங்கியில் முப்பது ஆண்டு பற்று வரவு எழுதி ஓய்வுபெற்றவன் நான். நிறைந்த கணக்கிலிருந்து பத்து ரூபாய் எடுக்க முடியாதவனைப் போல அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் மினி லாரியில் ஒரு ஜெனரேட்டர் வந்தது. வாடகைக்கு வீடு வீடாகப் போய்த் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். வந்த பையன் மோட்டார் பெட்டியைத் திறந்து, மெயின் வயரைக் கழற்றி, தன் வயரைச் சொருகி, ஓட்டினான். ஆயிரம் லிட்டர் தொட்டி இருபது நிமிடத்தில் நிரம்பி வழிந்தது. காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். ஒரு நாளைக்கு வேண்டிய தண்ணீருக்கு இருபது நிமிட மின்சாரம் போதும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. பின்னால் கடை கடையாக ஏறி இறங்கியபோது என்னைக் குழப்பத்திலிருந்து காப்பாற்றியதும் அந்த இருபது நிமிடம்தான்.

எத்தனை கேவிஏ?

2019 தொடக்கத்தில் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் விசாரித்தேன். ஜெனரேட்டரின் அளவைக் கேவிஏவில் சொல்கிறார்கள்; வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் ஆயிரம் வருவது ஒரு கேவிஏ. முதல் கடையில் வீட்டில் உள்ள பொருள்களை எழுதச் சொன்னார்கள். மின்விசிறி ஐந்து, 375 வாட். எல்இடி விளக்குகள் 100. தொலைக்காட்சி 100. குளிர்சாதனப் பெட்டி 150. இன்வெர்ட்டர் பேட்டரி ஏறுவதற்கு 300. ஒன்றரை குதிரைத்திறன் நீர்மூழ்கி மோட்டார், பெயர்த்தகட்டில் 10 ஆம்பியர் என்றிருந்தது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 2,300. மிக்சி 750. கூட்டினால் நான்காயிரத்துச் சொச்சம். "5 கேவிஏ எடுங்கள் சார், தாராளம்" என்றார்கள்.

இரண்டாவது கடைக்காரர் 15 கேவிஏவுக்குக் குறைந்தால் வாயே திறக்க மாட்டேன் என்றார். என் தங்கை மகன் இணையத்தில் பார்த்துவிட்டு, சூட்கேஸ் மாதிரிக் கைப்பிடி வைத்த சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர் போதும், தூக்கிக்கொண்டு போகலாம் என்றான். மூவருமே அவரவர் கணக்கில் சரி. ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியை யாரும் பார்க்கவில்லை.

மோட்டார் ஓடும்போது கேட்பது 10 ஆம்பியர். நின்ற நிலையிலிருந்து எழுந்திருக்கும்போது அதைப் போல மூன்று நான்கு மடங்கு கேட்கும். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பியிடம், தொடக்க மின்னோட்டத்தைப் பிடித்து நிறுத்திக்காட்டும் வசதியுள்ள கிளாம்ப் மீட்டர் இருந்தது. சாதாரண கிளாம்ப் மீட்டர் இதற்குப் பயன்படாது. எண் திரையில் ஏறுவதற்குள் ஏற்றம் முடிந்துவிடும். மோட்டாரை ஆறு முறை ஓட்டி நிறுத்தினோம். அதிகபட்சம் 36 ஆம்பியர் காட்டியது. 5 கேவிஏ ஜெனரேட்டரின் முழுக் கொள்ளளவே 21.7 ஆம்பியர்தான். ஜெனரேட்டரில் மின்சாரத்தை உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டர் சில நொடிகளுக்குத் தன் அளவை மீறிக் கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் கொடுக்கும்போது வோல்ட்டேஜ் சரியும். சரிந்தால் மோட்டார் பெட்டியிலுள்ள காண்டாக்டர் என்னும் காந்த சுவிட்ச் பிடி தளர்ந்து கடகடவென்று அடிக்கும், மோட்டார் எழும்பாமல் சூடாகும், அதன் கம்பிச்சுருள் கருகும். புயலுக்குப் பிறகான நாள்களில் 180 அடியிலிருந்து மோட்டாரை மேலே தூக்க ஆள் தேடுவதை நினைத்துப் பார்த்தேன். 5 கேவிஏவை அடித்துவிட்டேன்.

சூட்கேஸ் ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் நல்ல பொருள். சத்தமும் குறைவு. ஆனால் எங்கள் மோட்டாரை அது அசைக்காது. பெட்ரோல் நாள்பட்டால் கெட்டுப்போகும் என்பது இன்னொரு குறை. டீசல் என்றால் ஆபத்துக்கு டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் கைமாற்று வாங்கலாம்.

அப்படியானால் 15 கேவிஏ வாங்கிவிட வேண்டியதுதானே? அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. டீசல் இஞ்சினுக்கு வேலை குறைவாகக் கொடுத்து நீண்ட நேரம் ஓட்டினால் உருளை போதிய சூடு ஏறாது; எரியாத எண்ணெயும் கரியும் புகைக்குழாயிலும் வளையங்களிலும் படியும். முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்காவது சுமை இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் கணக்கு. இரவில் எங்கள் வீட்டுக்குத் தேவை 400 வாட். 15 கேவிஏ என்றால் 12 கிலோவாட் இயந்திரம். அதற்கு 400 வாட் என்பது யானைக்குப் போட்ட சோளப்பொரி. மோட்டார் பெரிய இயந்திரத்தைக் கேட்கிறது, இரவு சின்ன இயந்திரத்தைக் கேட்கிறது.

மினி லாரிப் பையன் நினைவுக்கு வந்தான். இரவில் எதற்கு ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும்? காலையில் இரண்டரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். அந்த நான்கு மணி நேரத்தில் தொட்டியை நிரப்பு, பேட்டரியை ஏற்று, குளிர்சாதனப் பெட்டியைக் குளிரவை, மாவு அரை. இரவுக்கு இன்வெர்ட்டர். ஜெனரேட்டரின் வேலை குடங்களை நிரப்பிவைப்பது மட்டும்தான் என்று முடிவானதும் 7.5 கேவிஏ என்பது தானாக வந்து உட்கார்ந்தது. 32 ஆம்பியர் கொடுக்கும், மோட்டாரைத் தூக்கிவிடும், மோட்டார் ஓடும்போது மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத சுமையும் இருக்கும்.

இந்தத் திட்டத்தில் பலவீனமான இடம் பேட்டரி. 150 ஆம்பியர்-மணி பேட்டரியை எங்கள் இன்வெர்ட்டர் 15 ஆம்பியரில்தான் ஏற்றும். நான்கு மணி நேரத்தில் 60 ஆம்பியர்-மணிதான் உள்ளே போகும். 12 வோல்ட்டால் பெருக்கி, இன்வெர்ட்டரில் வீணாவதைக் கழித்தால் 600 வாட்-மணிகூடத் தேறாது. பழைய விசிறி இரண்டு ஓடினாலே நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால் படுக்கையறை விசிறிகள் இரண்டையும் மாற்றி, 30 வாட் எடுக்கும் பிஎல்டிசி விசிறி போட்டேன். இப்போது இரண்டு விசிறியும் நான்கு விளக்கும் சேர்ந்து 100 வாட். ஆறு மணி நேரம் தாங்குகிறது. மொத்தச் செலவில் மிகக் குறைவான தொகைக்கு மிகப் பெரிய பலன் இதில்தான் கிடைத்தது. ஏசி இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. புயல் நாளில் ஏசி கேட்பவர் வேறு வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் இயந்திரமா, 3,000 சுற்றா என்று கேட்காமல் வாங்கக்கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை இரண்டுமே கொடுக்கும். நான்கு துருவ ஆல்டர்னேட்டர் 1,500-இல் கொடுப்பதை இரண்டு துருவம் 3,000-இல் கொடுக்கும். விலையும் எடையும் குறைவு என்பதற்காக இரண்டாவதை எடுத்தால் சத்தமும் தேய்மானமும் கூடும். நான் வாங்கியது 1,500 சுற்று, ஒரு சிலிண்டர், சத்தம் அடக்கும் கூண்டுடன் கூடியது. கூண்டுக்கு வெளியே ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. அந்தச் சான்றுத் தகடு கூண்டின்மேல் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். நான் வாங்கியது 2019-இல். அதன் பிறகு புகைக்கான விதிகள் இன்னும் இறுகியிருக்கின்றன, விலையும் ஏறியிருக்கிறது. அதனால் எனக்கு ஆன விலையை இங்கே எழுதி யாருக்கும் பயனில்லை. இயந்திரத்தின் விலையில் கால் பங்கு பொருத்துவதற்கு ஆனது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். கடைக்காரர் சொல்லும் விலையில் அது இருக்காது.

இடம்

வாசல் திண்ணையை ஒட்டி வைக்கலாம் என்பது வீட்டாரின் யோசனை. மழையில் நனையாமல் போய்வரலாம். மறுத்துவிட்டேன். ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்திலோ சன்னலுக்கு அருகிலோ ஓட்டினால் தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். திண்ணை, கார் நிறுத்தும் கொட்டகை, மாடிப்படிக்கு அடி என எதுவும் கூடாது.

எங்கள் பக்கம் ஐப்பசி முதல் மார்கழி வரை காற்று வடகிழக்கிலிருந்து வரும். புயலும் மின்தடையும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். வடகிழக்கு மூலையில் வைத்தால் புகை முழுக்க வீட்டுக்குள். கோடையில் தென்மேற்கிலிருந்து காற்று. தென்மேற்கில் வைத்தால் அப்போது உள்ளே வரும். தென்கிழக்கு மூலையில் நின்று இரண்டு காற்றையும் யோசித்துப் பார்த்தேன். வடகிழக்குக் காற்று புகையைத் தெற்குச் சுவருக்கு வெளியே கொண்டுபோகிறது. தென்மேற்குக் காற்று கிழக்கு வாசலுக்கு அப்பால் தள்ளிவிடுகிறது. "அக்னி மூலை அய்யா, சரியாகப் பிடித்தீர்கள்" என்று கொத்தனாருக்கு மகிழ்ச்சி. வாஸ்துவும் வாடைக்காற்றும் ஒத்துப்போனதில் எனக்கு வாதம் மிச்சம். கோடை மாலையில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வீசுவது மட்டும்தான் இந்த இடத்தின் குறை. அந்த மாதங்களில் மாலை ஓட்டத்தை இரவு எட்டு மணிக்குத் தள்ளிவைக்கிறேன், அல்லது அந்தப் பக்கத்துச் சன்னல்களை அடைத்துவிடுகிறேன்.

மேடை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். 2005-இல் பெய்த மழையில் அந்த மூலையில் முழங்காலுக்குக் கீழ் தண்ணீர் நின்றதை அம்மா நினைவு வைத்திருந்தார். இல்லாவிட்டால் அரையடி போதும் என்றிருப்பேன். கூண்டின் அளவைவிட ஒவ்வொரு பக்கமும் அரையடி கூடுதல். கதவுகள் முழுதாகத் திறக்கவும் ஆள் உட்கார்ந்து வேலை செய்யவும் சுற்றிலும் ஒரு மீட்டர் விட்டோம். வெப்பக்காற்று வெளியேறும் பக்கம் மதிலைப் பார்த்திருக்கக் கூடாது. மதிலில் மோதித் திரும்பி அதே காற்று உள்ளே போனால் இஞ்சின் கொதிக்கும்.

அரை டன்னுக்கு மேல் எடையுள்ள பெட்டி லாரியில் வந்து தெருமுனையில் நின்றது. எங்கள் சந்தில் கிரேன் நுழையாது. புயலில் விழுந்த தென்னையை அறுத்த பலகைகள் தோப்பில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைத் தண்டவாளம் போலப் பரப்பி, ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது மிஞ்சிய இரும்புக் குழாய்களைக் குறுக்கே உருளையாகப் போட்டு, ஐந்து பேர் கடப்பாரையால் நெம்பித் தள்ளினோம். பின்னால் விடுபட்ட உருளையை எடுத்து முன்னால் போடுவது என் வேலை. அறுபது மீட்டருக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது. கஜா சாய்த்த மரத்தின்மேல்தான் அடுத்த புயலுக்கான இயந்திரம் ஊர்ந்து வந்தது.

வயரும் நியூட்ரலும்

இனி வருவதுதான் உண்மையான வேலை. அவசரப்படுகிறவர்கள் சறுக்குவதும் இங்கேதான்.

கஜா நாள்களில் பல வீடுகளில் ஒரு தந்திரம் நடந்தது. இரண்டு முனையிலும் ஆண் பிளக் மாட்டிய வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை வீட்டுச் சுவர் சாக்கெட்டில். மெயினை அணைத்துவிட்டால் போதும் என்பார்கள். அணைக்க ஒருவர் மறந்தால் என்ன ஆகும்? வீட்டிலிருந்து 230 வோல்ட் தெருக்கம்பிக்கு ஏறும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை இறக்குவதற்கு இருப்பது. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து கொடுத்தால் அதே நன்றியுடன் ஏற்றியும் கொடுக்கும். கம்பி செத்துக்கிடக்கிறது என்று நம்பி மேலே ஏறியவர் செத்துவிடுவார். அந்த மாதம் எங்கள் ஊரில் கம்பம் நட்டவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, பள்ளிக்கூடத்தில் தங்கி, கிடைத்ததைச் சாப்பிட்டு வேலை செய்த மின்ஊழியர்கள். அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறா இது?

அதனால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச். பிடியை மேலே தள்ளினால் மின்வாரியம், கீழே தள்ளினால் ஜெனரேட்டர், நடுவில் எதுவும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சேர இயந்திர அமைப்பிலேயே வழியில்லை. 63 ஆம்பியர், நான்கு துருவம் வாங்கினேன். நான்காவது துருவம் நியூட்ரலுக்கு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயருக்கு. மூன்று துருவ சுவிட்ச் விலை குறைவு என்று ஒரு கடையில் காட்டினார்கள். அதில் நியூட்ரல் பிரியாது. நம் ஜெனரேட்டரின் நியூட்ரலும் தெருக் கம்பியின் நியூட்ரலும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அது வேண்டாம்.

தானாகவே கிளம்பித் தானாகவே மாற்றிக்கொள்ளும் பெட்டியையும் விற்கத்தான் பார்த்தார்கள். வீட்டில் ஆக்சிஜன் கருவியில் இருப்பவர் யாரேனும் இருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு முதல் பத்து நிமிடத்தை இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். குடை பிடித்துக்கொண்டு போய் ஒரு பிடியைத் தள்ள எனக்கு இன்னும் தெம்பிருக்கிறது. தவிர, நள்ளிரவில் ஐந்து நிமிடம் மின்சாரம் போனதற்கெல்லாம் அது உறுமிக்கொண்டு எழுவதை அக்கம்பக்கத்தார் மன்னிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு இணைப்பு மும்முனை, ஜெனரேட்டர் ஒருமுனை. அறைகள் மூன்று ஃபேஸ்களில், அதாவது மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில், பிரிந்திருக்கின்றன. சேஞ்ச்ஓவரின் ஜெனரேட்டர் பக்கத்து மூன்று முனைகளையும் பாலம் போட்டு இணைத்துவிட்டால் எல்லா அறைகளுக்கும் போகும். இதைப் பலரும் செய்கிறார்கள். ஆனால் நியூட்ரலை மறந்துவிடுகிறார்கள். மும்முனை மின்சாரத்தில் மூன்று ஃபேஸ்களின் மின்னோட்டமும் நியூட்ரலில் ஒன்றையொன்று பெருமளவு கழித்துக்கொள்ளும். ஒருமுனையில் கழிவு கிடையாது, மூன்றும் கூடும். மெல்லிய நியூட்ரல் வயர் அங்கேதான் உருகும். எங்கள் வீட்டில் சேஞ்ச்ஓவரிலிருந்து பகிர்வுப் பெட்டி வரை நியூட்ரலை மட்டும் தடித்த வயராக மாற்றினோம். மும்முனை மோட்டார் வைத்திருப்பவர்கள் இந்தப் பாலத்தைப் போட்டுவிட்டு அந்த மோட்டாரைத் தொடவே கூடாது.

மேடையிலிருந்து சேஞ்ச்ஓவர் வரை 25 மீட்டர். விற்றவர் அனுப்பிய ஆள் 4 சதுர மில்லிமீட்டர் வயரோடு வந்தார். மோட்டார் கிளம்பும் நொடியில் மற்ற சுமைகளும் சேர்ந்து 45 ஆம்பியர் ஓடினால் அந்த வயரிலேயே பத்து வோல்ட் தொலையும். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் நான்கு வோல்ட். "யாரும் இவ்வளவு தடியாகக் கேட்டதில்லை சார்" என்றார். கேட்டுவிட்டேனே.

எர்த் குழிகள் மூன்று: இரண்டு கூண்டின் உடலுக்கு, ஒன்று நியூட்ரலுக்கு. இரண்டரை மீட்டர் இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரி ஒரு அடுக்கு, உப்பு ஒரு அடுக்கு. வேதாரண்யம் உப்பு இரண்டு மூட்டை. எங்கள் மண்ணில் ஐந்தடிக்குக் கீழே எப்போதும் ஈரம் இருப்பதால் அளவு நன்றாகவே வந்தது.

எல்லாம் முடிந்தது, ஓட்டிப் பார்க்கலாம் என்றார்கள். ஓடியது. கசிவு மின்சாரத்துக்குத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினோம்; டக்கென்று விழுந்தது. விற்றவரின் ஆள் கையெழுத்து வாங்கக் காகிதத்தை நீட்டினார். எங்கள் எலக்ட்ரீஷியன் தம்பி மட்டும், "இருங்கள் அய்யா, பொத்தானை நம்பக்கூடாது" என்று பையிலிருந்து ஒரு பழைய நூறு வாட் குண்டு பல்பை எடுத்தார். ஹோல்டரிலிருந்து இரண்டு வயர். சுவர் சாக்கெட்டின் ஃபேஸ் துளையில் ஒன்று, எர்த் துளையில் மற்றொன்று. மின்வாரிய மின்சாரத்தில் இப்படிச் செய்தால் உடனே ஆர்சிசிபி விழ வேண்டும், விழுந்தது. ஜெனரேட்டருக்கு மாற்றிச் செய்தார். பல்ப் எரியவில்லை. ஆர்சிசிபியும் விழவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அந்த ஒன்றும் நடக்காமைதான் ஆபத்து.

காரணம் எளிது. சோதனைப் பொத்தான் தனக்குள்ளேயே ஒரு சிறு சுற்றை மூடிக்கொண்டு விழுகிறது. எர்த் இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. உண்மையான கசிவு ஆள் உடம்பு வழியாக மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து ஜெனரேட்டரின் நியூட்ரலுக்குத் திரும்பினால்தான் ஆர்சிசிபிக்கு வித்தியாசம் புரியும். திரும்பும் வழியே எங்களிடம் இல்லை. கூண்டைத் திறந்து பார்த்தோம். நியூட்ரலை அதற்கான எர்த் குழியோடு இணைக்க வேண்டிய பட்டை பொட்டலத்திலேயே இருந்தது, பிரிக்காமல். மாட்டிவிட்டு மறுபடி பல்பை வைத்தார். கண் சிமிட்டுவது போல ஒரு மின்னல், டக். இப்போது கையெழுத்துப் போட்டேன். நீங்கள் இதைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம். உங்கள் எலக்ட்ரீஷியனைச் செய்யச் சொல்லி அருகில் நில்லுங்கள்.

பிறகு மோட்டார். சுமை இல்லாதபோது 236 வோல்ட், 52 ஹெர்ட்ஸ். மோட்டார் பொத்தானை அழுத்தியதும் இஞ்சின் ஒரு முனகல் முனகியது. 189 வரை இறங்கி, ஒரு நொடிக்குள் 231-க்கு ஏறி நின்றது, 50.6 ஹெர்ட்ஸ். மாடியிலிருந்து குழாய் கொட்டும் சத்தம் கேட்டது. அம்மா வாசலுக்கு வந்து, "தண்ணீர் வந்துவிட்டதா?" என்றார்.

ஓட்டும் முறையைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: இஞ்சின் இரண்டு நிமிடம் சும்மா ஓடட்டும், பிடியைத் தள்ளு, முதலில் மோட்டார், அது ஓடி நிலைத்த பிறகு மற்றவை. மோட்டாரைக் கடைசியில் போட்டால் குளிர்சாதனப் பெட்டியும் அந்தச் சரிவில் சேர்ந்து தவிக்கும். நிறுத்தும்போது சுமைகளை எடுத்துவிட்டு மூன்று நிமிடம் ஆறவிடு. இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறது; அதைக் கணினிக்கான குறுகிய வரம்பில் வைத்தால் ஜெனரேட்டர் மின்சாரத்தைப் பிடிக்காமல் முரண்டு பண்ணுகிறது. அகன்ற வரம்புக்குத் தள்ளியதும் அடங்கியது.

அதன் பிறகு

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்தபோது காற்று குறைவு, மழை அதிகம். மின்சாரம் போயிற்று. பெருமையோடு போய்ச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் ஒரு "டிக்" மட்டும் சொன்னது. பேட்டரி செத்திருந்தது. அதைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் சார்ஜரின் சுவிட்சை, வெள்ளையடித்தவர்கள் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு மாதமாக நான் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, மழையில் நனைந்தபடி வயர் கொடுத்துக் கிளப்பினார். இப்போது அந்தச் சார்ஜருக்குச் சுவிட்சே கிடையாது. மாதத்தின் முதல் ஞாயிறு அரை மணி நேரம் மோட்டார் சுமையோடு ஓட்டுகிறேன். சுமையில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பது பேட்டரிக்கும் நல்லதல்ல, இஞ்சினுக்கும் நல்லதல்ல.

இன்னொரு கதை. 2022 கோடையில் இருபது நிமிடம் நன்றாக ஓடும், பிறகு மூச்சு முட்டி நிற்கும். கால் மணி நேரம் விட்டால் மறுபடி கிளம்பும். டீசல் ஃபில்டரை மாற்றினோம், குழாயில் காற்றில்லாமல் கை பம்பால் அடித்து விட்டோம். சரியாகவில்லை. வந்த மெக்கானிக் எரிபொருள் பம்பையே கழற்றி அனுப்ப வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். மறுநாள் அது நின்ற கையோடு, டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தற்செயலாகத் தொட்டி மூடியைத் திருகினேன். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்தது. சாவியைத் திருப்பினேன், உடனே ஓடியது. மூடியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால், காற்றுப்போகும் மிளகளவுத் துளையில் குளவி ஒன்று மண் வைத்து அழகாகப் பூசி அடைத்திருக்கிறது. டீசல் இறங்க இறங்கத் தொட்டிக்குள் வெற்றிடம். பிறகு எங்கே இறங்கும்? ஊக்கால் குத்தி எடுத்தேன். இப்போது மூடியின்மேல் ஒரு துண்டு கொசுவலை கட்டியிருக்கிறேன். எலிக்காகக் கூண்டின் வயர் நுழையும் துளைகளையும் கம்பிவலையால் அடைத்தாயிற்று.

செலவுக் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றில் ஒரு லிட்டருக்குச் சற்று மேல் டீசல் போகிறது. லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சமாக இருந்தபோது போட்ட கணக்கில் யூனிட் முப்பத்திரண்டு ரூபாய். ஆயில், ஃபில்டர் தனி. இந்த விலைக்கு யாரும் விளையாட்டுக்கு ஓட்ட மாட்டார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியில் 20 லிட்டர், கேனில் 20 லிட்டர் வைத்துக்கொள்கிறேன். நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வீதம் எட்டு நாள். பங்க்கிலும் மின்சாரம் இருந்தால்தான் டீசல் கிடைக்கும் என்பதைக் கஜா சொல்லிக்கொடுத்துவிட்டது.

சென்ற மாதம் மதிலுக்கு வெளியே தெருப் பக்கமாக ஒரு குழாய் போட்டேன். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தாமல் இன்னும் நாற்பது நிமிடம் ஓட்டினால் இரண்டாயிரம் லிட்டர். நோட்டில் அதற்கு முக்கால் லிட்டர் டீசல் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். குழாய்க்குப் பித்தளைத் திருகு போடலாமா, பிளாஸ்டிக் போதுமா என்று கொத்தனார் கேட்டார். பித்தளை இராத்திரியில் காணாமல் போகும் என்றேன். பிளாஸ்டிக்கே போட்டிருக்கிறது.